கவுண்டி தடை போட்டால் ஸ்டீல் டிராயிங்கில் என்ன மாறும்? டேட்டா சென்டர் வேலை எடுப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கோயம்புத்தூரில் இருந்து அமெரிக்க ஃபேப்ரிகேட்டர்களுக்கு (ஸ்டீலை வெட்டிச் செய்யும் பட்டறைகளுக்கு) ஸ்டீல் டீட்டெய்லிங் செய்து கொடுக்கும் ஆபீஸ் எங்களுடையது. இன்ஜினியரின் டிராயிங்கைப் பார்த்து ஒவ்வொரு துண்டுக்கும் பட்டறை டிராயிங் போடுவதுதான் டீட்டெய்லிங். நான் மாடலராகச் சேர்ந்து, செக்கராகி, இப்போது ப்ராஜெக்ட் பார்த்துக்கொள்கிறேன். சமீப காலமாகக் கைக்கு வரும் வேலையில் பெரும்பங்கு டேட்டா சென்டர், அதிலும் வடக்கு வர்ஜீனியா. டிராயிங் செட் வந்ததும் புதுப் பிள்ளைகள் நேராக ஸ்ட்ரக்சுரல் ஷீட்டைத் திறந்து டெக்லா என்ற மாடலிங் மென்பொருளில் கிரிட் (தூண் வரிசைக் கோடுகள்) போட ஆரம்பித்துவிடுவார்கள். நான் நிறுத்தி, முதலில் கவுண்டி (நம் மாவட்டம் போன்ற உள்ளாட்சிப் பிரிவு) இணையதளத்தைத் திறக்கச் சொல்வேன். "அண்ணா, நமக்கும் கவுண்டிக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்காதவர்கள் குறைவு.

சம்பந்தம் இருக்கிறது. டேட்டா சென்டரின் ஸ்டீல் எப்போது ஆர்டர் ஆகும், எந்தப் பகுதி கடைசி நிமிடத்தில் மாறும், வேலை பாதியில் நிற்குமா என்பதெல்லாம் பெரும்பாலும் கவுண்டி காகிதத்தில் முன்கூட்டியே தெரிந்துவிடும். உள்ளூர்க் கட்டுப்பாட்டால் மாறுவது கட்டடத்தின் விளிம்பும் கூரையும்தான். நடுவில் சர்வர்கள் நிற்கும் டேட்டா ஹால் அவ்வளவாக மாறாது. இதைப் புரிந்துகொண்டால் எதை முதலில் மாடல் செய்வது, எதை நிறுத்தி வைப்பது என்று தானாகவே தெளிவாகும்.

முதலில் மனை எந்தக் கவுண்டியில் என்று பாருங்கள்

நிலத்தில் எதைக் கட்டலாம் என்பதை அமெரிக்காவில் பெரும்பாலும் உள்ளூர் சபையே தீர்மானிக்கிறது. வர்ஜீனியாவில் அது கவுண்டியின் போர்டு ஆஃப் சூப்பர்வைசர்ஸ். நம் டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) போல மாநில அளவில் ஒரு அலுவலகம் கிடையாது. எல்லையைத் தாண்டினால் வேறு சட்டம்.

லவுடன் கவுண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆஷ்பர்னைச் சுற்றிச் சுமார் 200 டேட்டா சென்டர்கள் இருக்கும் இடம் அது. பல மண்டலங்களில் அங்கே இதை பை-ரைட்டாகக் கட்டலாம் என்றிருந்தது. அதாவது விதிக்குள் இருந்தால் அதிகாரிகள் சைட் பிளானைச் சரிபார்த்து அனுமதி தருவார்கள், போர்டு ஓட்டெடுப்பு வேண்டாம். 2025 மார்ச் 18 அன்று போர்டு அதை நீக்கியது. இப்போது புதிதாக வருபவர்கள் ஸ்பெஷல் எக்ஸெப்ஷன் வாங்க வேண்டும். பிளானிங் கமிஷன் முன் ஒரு பொது விசாரணை, போர்டு முன் ஒரு பொது விசாரணை. ஏற்கெனவே விண்ணப்பம் போட்டிருந்தவர்களில் ஒரு பகுதிக்குப் பழைய விதியிலேயே போக வழி விட்டார்கள். ஆகவே பக்கத்துப் பக்கத்து மனையில் இருக்கும் இரண்டு வேலைகள்கூட இரண்டு வேறு சட்டத்தில் இருக்கலாம். ஒன்றில் ஸ்டீல் அடுத்த மாதமே ஏறும், இன்னொன்றில் அடுத்த வருடமும் சந்தேகம்.

ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டி 2024 செப்டம்பரில் வேறு மாதிரி பிடித்தது. குடியிருப்பு மனை எல்லையில் இருந்து கட்டடம் 200 அடி தள்ளி இருக்க வேண்டும். மெட்ரோ ரயில் நிலைய வாசலில் இருந்து ஒரு மைல் தூரம். ஜெனரேட்டர் போன்ற கருவிகளுக்குக் கட்டடத்தைவிட அதிக இடைவெளி, அல்லது வீடுகளுக்கும் அவற்றுக்கும் நடுவில் கட்டடமே மறைப்பாக நிற்க வேண்டும். போதாததற்கு இரைச்சல் ஆய்வு.

வர்ஜீனியாவோடு இது நிற்கவில்லை. மிசௌரியில் செயின்ட் சார்ல்ஸ் நகரம் 2025 ஆகஸ்ட்டில் ஒரு வருடத்துக்குப் புது டேட்டா சென்டர் விண்ணப்பமே வேண்டாம் என்று நிறுத்தியது. அதே மாதம் அரிசோனாவில் டூசான் நகர சபை ப்ராஜெக்ட் ப்ளூ என்ற பெரிய திட்டத்தை ஒருமனதாக நிராகரித்தது.

காகிதத்தில் எதைத் தேடுவது

கவுண்டியின் நில விண்ணப்பத் தளத்தில் முகவரியையோ ப்ராஜெக்ட் பெயரையோ போட்டால் விண்ணப்ப எண்கள் வரும். லவுடனில் எண்ணுக்கு முன் இருக்கும் எழுத்துகளே பாதிக் கதையைச் சொல்லிவிடும். எஸ்டிபிஎல் என்றால் சைட் பிளான். எஸ்பிஇஎக்ஸ் என்றால் ஸ்பெஷல் எக்ஸெப்ஷன். இசட்எம்ஏபி என்றால் மண்டல மாற்றம். சைட் பிளான் ஏற்கப்பட்டிருந்தால் நிம்மதி. மண்டல மாற்றம் இன்னும் நடந்துகொண்டிருந்தால், உங்கள் கையில் இருக்கும் எஸ்-வரிசை (ஸ்ட்ரக்சுரல்) டிராயிங் வெறும் ஒரு விருப்பம், அவ்வளவுதான்.

அடுத்து, ப்ராஃபர் ஸ்டேட்மென்ட் அல்லது கண்டிஷன்ஸ் ஆஃப் அப்ரூவல். மண்டல மாற்றத்தின்போது நில உரிமையாளர் தானாக முன்வந்து எழுதிக்கொடுக்கும் வாக்குறுதிகள்தான் ப்ராஃபர். எழுதி ஏற்கப்பட்டதும் அவை அந்த நிலத்தைக் கட்டுப்படுத்தும், நிலம் கைமாறினாலும் சரி. அதிகபட்ச உயரம், முகப்பு எப்படி இருக்க வேண்டும், கூரைக் கருவிகளை எதைக் கொண்டு மறைக்க வேண்டும், எல்லையில் எத்தனை டெசிபல் வரை போகலாம் என்று எல்லாம் அங்கே இருக்கும். பெரும்பாலும் சில பக்கங்கள்தான், டீ ஆறுவதற்குள் படித்துவிடலாம். ஆனால் எங்கள் ஊரில் இதைத் திறந்து பார்த்த டீட்டெய்லரை நான் அதிகம் பார்த்ததில்லை.

டிராயிங்கிலேயே ஒரு தடயம் உண்டு. டைட்டில் பிளாக்குக்கு மேலே இருக்கும் ரிவிஷன் பட்டியலைப் பாருங்கள். "கவுண்டி கமென்ட்ஸ்" என்று ஒரு வரி இருந்தால் வேலை இன்னும் கவுண்டி மேசையில் கிடக்கிறது என்று அர்த்தம். அது ஆர்க்கிடெக்சுரல் ஷீட்டில் இருந்து ஸ்ட்ரக்சுரல் ஷீட்டில் இல்லை என்றால் இன்னும் மோசம், மாற்றம் ஸ்ட்ரக்சுரல் பக்கம் வந்துகொண்டிருக்கிறது.

போர்டு கூட்ட அஜெண்டாவையும் பார்க்கலாம். அங்கே மாலையில் நடக்கும் பொது விசாரணை நமக்கு விடியற்காலை. நான் முழித்திருந்து பார்க்கும் ஆள் இல்லை. காலையில் ஆபீஸ் வந்து முடிவை மட்டும் படிப்பேன். "டெஃபர்" என்று இருந்தால் தள்ளிவைத்துவிட்டார்கள், "அப்ரூவ்டு வித் கண்டிஷன்ஸ்" என்றால் புது நிபந்தனைப் பட்டியலை உடனே இறக்கிக்கொள்ள வேண்டும்.

அனுமதி கிடைத்த பிறகும் 30 நாள்

இதை எங்கள் மார்க்கெட்டிங் ஆட்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. வர்ஜீனியா சட்டப்படி போர்டின் மண்டல முடிவையோ ஸ்பெஷல் எக்ஸெப்ஷனையோ எதிர்த்து வழக்குப் போட 30 நாள் அவகாசம் உண்டு. ஓட்டு விழுந்த தேதியில் இருந்து காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். அந்த 30 நாள் கழித்து, வழக்கு ஏதாவது வந்ததா என்று ஃபேப்ரிகேட்டரிடம் ஒரு வரி மெயிலில் கேளுங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பிரின்ஸ் வில்லியம் கவுண்டியின் டிஜிட்டல் கேட்வே. மனாசஸ் போர்க்களப் பூங்காவை ஒட்டி சுமார் 2,100 ஏக்கர். போர்டு ஒரு நாளுக்கும் மேலாக விசாரணை நடத்தி 2023 டிசம்பரில் அனுமதித்தது. 2025 ஆகஸ்ட்டில் நீதிமன்றம் அந்த மண்டல மாற்றத்தைச் செல்லாது என்றது. காரணம், பொது விசாரணைக்கு முன் கொடுக்க வேண்டிய அறிவிப்பு சட்டப்படி கொடுக்கப்படவில்லை. பத்திரிகை விளம்பரத்தில் வந்த கோளாறு, அவ்வளவு பெரிய திட்டத்தை நிறுத்தும் அளவுக்குப் போனது. அனுமதிக்கும் தீர்ப்புக்கும் நடுவில் ஒன்றரை வருடத்துக்கு மேல். அந்த இடைவெளிக்குள் முழு வேகத்தில் டீட்டெய்லிங் முடித்து, மில்லுக்கு ஆர்டரும் போட்டுவிடக்கூடிய அளவு காலம் அது.

மறுபக்கம், உரிமையாளருக்குப் பாதுகாப்பும் உண்டு. அரசின் குறிப்பிடத்தக்க ஒப்புதல் ஒன்று கிடைத்து, அதை நம்பி நல்லெண்ணத்தோடு பெரும் செலவு செய்திருந்தால், பின்னால் வரும் விதி மாற்றம் அவரைப் பாதிக்காது என்று வர்ஜீனியாவில் ஒரு சட்டப் பிரிவு இருக்கிறது. வெஸ்டட் ரைட்ஸ் என்பார்கள். சட்டம் மாறப்போகிறது என்று தெரிந்ததும் சிலர் அவசர அவசரமாக சைட் பிளான் போட்டு, அஸ்திவாரத்தை ஆரம்பிக்கத் துடிப்பது இதனால்தான். அந்த அவசரம் நம் மேசைக்கு "ஆங்கர் ராட் பிளான் இந்த வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்" என்ற மெயிலாக வந்து சேரும். ஆங்கர் ராட் என்பது தூணைப் பிடித்து நிறுத்த அஸ்திவாரக் கான்கிரீட்டில் பதிக்கும் போல்ட்.

டிராயிங்கில் எங்கே அடி விழும்

இனிமேல் நம் பக்கம்.

இடைவெளி விதியில் இருந்து தொடங்குவோம். 600 அடி ஆழமுள்ள ஒரு மனை, பின்னால் வீடுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்பக்கம் 200 அடி போய்விட்டால் மிச்சம் 400. முன்பக்கச் சாலைக்கும் ஒரு இடைவெளி, ஜெனரேட்டர் யார்டு முன்பக்கத்துக்கே வர வேண்டும், ஏனென்றால் வீட்டுப் பக்கம் வைக்க முடியாது. கட்டடம் ஒல்லியாகிறது. உரிமையாளருக்கு வேண்டிய மெகாவாட் குறையப்போவதில்லை, ஆகவே மாடி ஏறும். ஒரு மாடியில் கூரைக்கு ஜாயிஸ்ட் (லேசான ஸ்டீல் சட்டம்) போட்டு முடிக்க வேண்டிய வேலை, இரண்டு மூன்று மாடி காம்போசிட் ஃப்ளோராக (ஸ்டீலும் கான்கிரீட்டும் சேர்ந்து சுமக்கும் தளமாக) மாறும். ஜாயிஸ்ட்டுக்குப் பதில் வைடு ஃப்ளாஞ்ச் பீம், ஷியர் ஸ்டட், காலம் (தூண்) ஸ்ப்ளைஸ், கனமான பிரேசிங் கனெக்‌ஷன், தீத்தடுப்புப் பூச்சு. அலுவலகத் தளத்துக்கு ஏஎஸ்சிஇ 7 என்ற அமெரிக்கச் சுமைத் தரநிலை கேட்பது சதுர அடிக்கு 50 பவுண்டு லைவ் லோடு. அக்சஸ் ஃப்ளோர் போட்ட கணினித் தளத்துக்கு 100. டேட்டா ஹால் டிராயிங்கின் ஜெனரல் நோட்ஸில் பெரும்பாலும் அதைவிட அதிகமாகவே எழுதியிருப்பார்கள். அந்தச் சுமை மாடிக்கு மாடி சேர்ந்துதான் கீழ்த்தளத் தூணுக்கு வருகிறது. மாடி ஒன்று கூடும் என்ற வாய்ப்பு இருக்கும் வேலைக்கு டன்னுக்கு இத்தனை மணி நேரம் என்று பழைய கணக்கில் கோட் கொடுக்காதீர்கள்.

உயர வரம்பு இதற்கு நேர் எதிர்ப்பக்கம் இழுக்கும். வரம்பில் பாரப்பெட் சேர்த்தியா, கூரை மறைப்புச் சுவர் சேர்த்தியா என்பது ஒவ்வொரு கவுண்டி விதியிலும் ஒவ்வொரு மாதிரி எழுதியிருக்கும், அந்த வரையறையைப் படிக்க வேண்டும். உயரம் போதவில்லை என்றால் இன்ஜினியர் பீமின் ஆழத்தைக் குறைப்பார். டபிள்யூ 24 பை 55 (சுமார் 24 அங்குல ஆழம், அடிக்கு 55 பவுண்டு எடை) பீமுக்குப் பதில் ஏறத்தாழ அதே பலத்துக்கு டபிள்யூ 18 பை 65 போடலாம். தளத்துக்கு ஐந்து அங்குலத்துக்குச் சற்று மேல் மிச்சம், ஆனால் அடிக்கு 10 பவுண்டு கூடுதல். தொய்வும் பழைய அளவிலேயே இருக்க வேண்டும் என்றால் டபிள்யூ 18 பை 76 வரை போக வேண்டியிருக்கும், அடிக்கு 21 பவுண்டு. அது மட்டுமில்லை, ஆழம் குறைந்த பீமில் போல்ட் வரிசை குறையும், குழாய்க்கு வெப் ஓப்பனிங் வெட்ட இடமும் குறையும். பீமின் முனையைப் பிடிக்கும் ஷியர் டேப் தகட்டில் ஐந்து போல்ட் வைத்திருந்த இடத்தில் நான்கு வைத்து லோடு பாஸ் ஆகுமா என்று கனெக்‌ஷன் முழுக்க திரும்பப் பார்க்க வேண்டும். ஃபேப்ரிகேட்டர் இதை "சும்மா சைஸ் சேஞ்ச்தானே" என்பார். சும்மா இல்லை.

கூரைதான் என்னை அதிகம் படுத்துவது. சில்லர்களும் ஜெனரேட்டர்களும் எழுப்பும் இரைச்சல் எல்லையைத் தாண்டக் கூடாது, கருவிகள் கண்ணுக்கும் தெரியக் கூடாது என்று நிபந்தனை வரும்போது, லேசான லூவர் திரை கெட்டியான ஒலித்தடுப்புச் சுவராகிறது, உயரமும் கூடுகிறது. கூரையில் தனியாக நிற்கும் போஸ்ட்டின் அடியில் வரும் மொமென்ட், காற்றழுத்தம் ஒரே அளவு என்றால், உயரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 12 அடித் திரையை 16 அடியாக்கினால் உயரம் மூன்றில் ஒரு பங்குதான் கூடியது. அடி மொமென்ட் ஏறத்தாழ 78 சதவீதம் கூடிவிட்டது. லூவரை எடுத்துவிட்டுக் கெட்டித் தகடு போட்டால் அதற்கு மேல் தனிக் கணக்கு. பேஸ் பிளேட் பெரிதாகும், கீழே இருக்கும் கூரைப் பீம் முறுக்கிக்கொள்ளாமல் இருக்க கிக்கர் (சாய்வுத் தாங்கி) வேண்டும், அந்தக் கிக்கர் போகும் வழியில் கண்டிப்பாக ஒரு டக்ட் இருக்கும். இது ஆர்எஃப்ஐ (டிசைனரிடம் விளக்கம் கேட்கும் கடிதம்) மழையில் போய் முடியும்.

வெளியே நிற்கும் இந்தப் போஸ்ட்டுகள் பெரும்பாலும் கால்வனைஸ் செய்த எச்எஸ்எஸ் (உள்ளீடற்ற ஸ்டீல் குழாய்). உள்ளே காற்றும் திரவமும் வெளியேற வென்ட், டிரெய்ன் ஓட்டைகள் காட்டியாக வேண்டும். நீளம் கால்வனைஸ் தொட்டிக்குள் அடங்குகிறதா என்று ஃபேப்ரிகேட்டரிடம் முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். திரை உயரம் மாறியதும் இந்த இரண்டையும் யாரும் திரும்பப் பார்ப்பதில்லை.

முகப்பு விதியை வேகமாகக் கடந்துவிடலாம். லவுடன் போன்ற இடங்களில் சாலையைப் பார்க்கும் சுவர் ஒரே தட்டையாக இருக்கக் கூடாது. உள்வாங்கல், வெளித்தள்ளல், உயர வேறுபாடு ஏதாவது வேண்டும். விளிம்புக் காலம்கள் கிரிட்டில் இருந்து நகரும், கர்ட், ஹேங்கர், கேனபி கூடும். டன் அதிகமில்லை, ஆனால் துண்டு அதிகம்.

எதை வெளியிடுவது, எதைப் பிடித்துவைப்பது

என் வழக்கம் இது. சைட் பிளான் ஏற்கப்பட்டிருக்கிறது, வழக்கு இல்லை என்றால் வழக்கமான வரிசை: ஆங்கர் ராட், எம்பெட் பிளேட், காலம், பிறகு தளம் தளமாக. சைட் பிளான் நிலுவையில் என்றால் கனெக்‌ஷன் ஸ்டாண்டர்டை முடித்து, டேட்டா ஹாலின் உள் பேக்களை (தூண் வரிசைகளுக்கு நடுவில் வரும் கட்டங்களை) மட்டும் மாடல் செய்வேன். விளிம்பில் உள்ள பேக்களையும் கூரை மட்டத்துக்கு மேலே உள்ள எல்லாவற்றையும் தனித்தனி சீக்வென்ஸாகப் பிரித்து ஹோல்டு போட்டுவிடுவேன். ஸ்பெஷல் எக்ஸெப்ஷனுக்கு இன்னும் ஓட்டே நடக்கவில்லை என்றால் கோட் மட்டும்.

ஆங்கர் ராட் பிளானை மட்டும் எந்த அவசரத்துக்கும் பணிந்து "ஃபார் ஃபீல்டு யூஸ்" என்று அனுப்பாதீர்கள். கட்டடம் எல்லையில் இருந்து பத்தடி நகர்ந்தால் உள்ளே இருக்கும் கிரிட் மாறாது. ஆனால் இடைவெளிக்காக ஒரு பே அகலத்தைச் சுருக்கினால் கான்கிரீட்டில் நிற்கும் போல்ட்டை யாரும் நகர்த்த முடியாது. அப்ரூவலுக்கு அனுப்பலாம், கையெழுத்தோடு திரும்பட்டும்.

அட்வான்ஸ் பில் (ஸ்டீல் வாங்க முன்கூட்டியே கொடுக்கும் பொருள் பட்டியல்) விஷயத்தில் ஃபேப்ரிகேட்டரோடு உட்கார்ந்து பிரித்துக்கொள்ளுங்கள். காலமும் மெயின் பீமும் மில்லில் இருந்து வந்தால்தான் விலை கட்டும், வேலை நின்றாலும் வைடு ஃப்ளாஞ்ச்சை வேறு வேலைக்குத் திருப்பலாம். கூரைக் கருவிகளைத் தாங்கும் டன்னேஜ் (dunnage) ஸ்டீலையும் திரைப் போஸ்ட்டையும் சர்வீஸ் சென்டரில் (ஸ்டீல் விற்பனைக் கிடங்கில்) இருப்பில் உள்ள நீளத்தில் பின்னால் வாங்கிக்கொள்ளலாம். ஜாயிஸ்ட் அப்படியில்லை. ஒரு கட்டடத்துக்காகச் செய்த ஜாயிஸ்ட்டை இன்னொன்றில் போட முடியாது. ஆகவே தயாரிப்பாளரிடம் வரிசையில் இடம் பிடித்துக்கொண்டு, கூரைச் சுமை உறுதியாகும் வரை ரிலீஸைப் பிடித்துவையுங்கள். கருவி எங்கே உட்காரும் என்று தெரியாத பேக்களில் கேசிஎஸ் ஜாயிஸ்ட் போட முடியுமா என்று இன்ஜினியரிடம் ஒரு ஆர்எஃப்ஐ கேட்டுப் பாருங்கள். நீளம் முழுக்க ஒரே மொமென்ட், ஷியர் தாங்கும் வகை அது, சுமை கொஞ்சம் அங்கே இங்கே நகர்ந்தாலும் சமாளிக்கும்.

விலை விஷயம் தனி. 2025 மார்ச்சில் அமெரிக்கா இறக்குமதி ஸ்டீலுக்கு 25 சதவீத வரி போட்டது, ஜூனிலேயே அதை 50 ஆக்கியது. பொது விசாரணை மூன்று மாதம் தள்ளிப்போன ஒரு வேலைக்கு அந்த மூன்று மாதம் எவ்வளவு செலவு வைத்திருக்கும் என்று ஃபேப்ரிகேட்டர்களைக் கேட்டால் தெரியும். நம் கோட்டுக்கும் ஒரு காலாவதித் தேதி வேண்டும்.

மின்சாரத்தையும் கேட்டுவிடுங்கள். 2022 ஜூலையில் கிழக்கு லவுடனில் புது இணைப்புகளுக்கு உடனே மின்சாரம் தர முடியாது என்று டொமினியன் நிறுவனம் சொன்னது. கவுண்டி அனுமதி இருந்தும் கட்டங்கட்டமாக வேலை நகர்ந்ததற்கு இப்படியும் காரணம் உண்டு. இரண்டாம் கட்டம் எப்போது என்று தெரியாத கட்டடத்தில், எதிர்கால இணைப்புக்கான காலமில் கனெக்‌ஷன் பிளேட்டை இப்போதே வைப்பதா என்பது கேட்டு எழுதி வாங்க வேண்டிய கேள்வி.

வேலை நின்றுவிட்டால்

ஒப்பந்தத்தில் மூன்று வரிகள் இருக்க வேண்டும். வேலை நிறுத்தப்பட்டால் அதுவரை முடித்த சதவீதத்துக்குப் பணம். கவுண்டி நிபந்தனையால் வரும் மாற்றமும் மற்ற டிசைன் மாற்றம் போலவே கூடுதல் கட்டணத்துக்கு உரியது. திரும்பத் தொடங்கும்போது மறுதொடக்கக் கட்டணம். அப்ரூவல் டிராயிங்குகள் 14 நாளில் திரும்ப வர வேண்டும் என்பது ஏஐஎஸ்சியின் (அமெரிக்க ஸ்டீல் கட்டுமான அமைப்பின்) ஸ்டாண்டர்டு பிராக்டிஸ் கோடு. கவுண்டியில் மாட்டிக்கொண்ட வேலைகளில் ஆர்க்கிடெக்ட் இதை மறந்துவிடுவார். அனுப்பிய தேதியை நீங்கள் மறக்காதீர்கள், தாமதக் கணக்கு அங்கிருந்துதான் ஆரம்பம்.

நிறுத்தச் சொல்லி மெயில் வந்த அன்றே மாடலை அப்படியே நகல் எடுத்துப் பூட்டிவையுங்கள். எந்த டெக்லா வெர்ஷன் என்பதை ஃபோல்டர் பெயரிலேயே எழுதுங்கள், புது வெர்ஷனில் சேமித்துவிட்டால் பழையதில் திறக்காது. கடைசியாகச் சேர்த்த ஏஎஸ்ஐ (ஆர்க்கிடெக்ட் அனுப்பும் கூடுதல் அறிவுறுத்தல்) எண், பதில் வராத ஆர்எஃப்ஐ பட்டியல், ஹோல்டில் இருக்கும் சீக்வென்ஸ், நீங்கள் படித்த ப்ராஃபரின் தேதி ஆகியவற்றை ஒரே தாளில் போட்டு அதே ஃபோல்டரில் வையுங்கள். வேலை திரும்ப வரும்போது மாடல் செய்த பையன் வேறு கம்பெனியில் இருப்பான். போர்டு போட்ட புது நிபந்தனைப் பட்டியலை அந்தத் தாளோடு வரிவரியாக ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் மறுதொடக்கத்துக்கு விலை சொல்வேன்.